அழகம்மாளின் தொடக்க எடை

நாட்டின் புரதப் பற்றாக்குறையைத் தீர்க்கும் பொறுப்பு சங்கிலிப்பாண்டியின் வீட்டில் வந்து இறங்கியதற்கு ஒரே காரணம், அந்த வீட்டுக்கு முன்னால் ஜீப்பைத் திருப்ப இடம் இருந்ததுதான். கொச்சிப் பட்டணத்துக் கொச்சங்காடியில் மற்ற சந்துகளில் இஞ்சி மூட்டை ஏற்றிய கைவண்டி நுழைந்தாலே ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இவன் வீட்டு முன்னால் மட்டும், பூட்டிக் கிடந்த ஒரு பழைய பண்டகசாலையின் முற்றம் விரிந்து கிடந்தது. புரத விரிவாக்க வாரியத்தின் ஜீப் ஏழைகளைத் தேடி மட்டாஞ்சேரி முழுக்க அலைந்துவிட்டு, திரும்பிப் போக வழியில்லாமல் அந்த முற்றத்துக்கு வந்தது. பாதி திரும்பியதும் எஞ்சின் நின்றுவிட்டது.

ஓட்டுநர் நாணு முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பின்சீட்டில் இருந்த விரிவாக்க அதிகாரி வெங்கிடேஸ்வரன் காற்றுக்காகத் தலையை வெளியே நீட்டினார். வாசலில் அழகம்மாள் உட்கார்ந்திருந்தாள். சங்கிலிப்பாண்டியின் ஒரே மகள். கக்குவான் இருமல் வந்து போனதிலிருந்து சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை. சட்டை இல்லாத உடம்பில் விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது.

"கிடைச்சாச்சு," என்றார் அதிகாரி.

அவர் பாலக்காட்டுத் தமிழர். ஆகையால் சங்கிலிப்பாண்டிக்கு விஷயத்தைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. வாரியம் ஒரு மாதிரிக் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஈஸ்ட் பொடி இலவசமாக வரும். வீட்டில் எது சமைத்தாலும் அதில் அந்தப் பொடியைச் சேர்க்க வேண்டும். மெலிந்த பிள்ளை தேறும். தேறியதை வாரியம் ஊருக்கெல்லாம் காட்டும்.

"பெரிய பெரிய ஆளெல்லாம் வருவா, சங்கிலி. எங்க வாரியத்துச் சேர்மன் வருவார். சேர்மனுக்கும் நகரசபையில மேலிருக்கறவாளுக்கும் நல்ல சிநேகமாக்கும். உன் வேலையை ஸ்திரமாக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை பறஞ்சார்னா, தீர்ந்துது."

அந்த ஒரு வார்த்தை சங்கிலிப்பாண்டியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. நகரசபையில் தெருக்கூட்டும் வேலை அவனுக்கு. தற்காலிகம். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய தற்காலிகம் பெண் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்த பிறகும் தற்காலிகமாகவே இருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் மறுநாள் துடைப்பம் வேறொருவன் கையில் இருக்கும். மனைவி மாயம்மாள் வேறொரு பண்டகசாலையில் இஞ்சி சுத்தம் செய்யப் போனாள். இரண்டு பேர் உழைப்பில் வீடு எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

தொடக்க விழா அந்த முற்றத்திலேயே நடந்தது. மாயம்மாளின் அடுப்புக்குக் குறுக்கே ஒரு சிவப்பு நாடா கட்டினார்கள். நாடாவை வெட்ட வேண்டிய பிரமுகர் எறணாகுளத்தில் படகைத் தவறவிட்டுவிட்டார். அவர் வந்து வெட்டுகிறவரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று நாணு காவலுக்கு நின்றான். அன்று வீட்டில் காலைக் கஞ்சி சாயங்காலம் கொதித்தது.

அதிகாரி ஒலிபெருக்கியில் பேசினார். "ரொட்டிக் கடையில் உபயோகிக்கிறார்களே, அந்த ஈஸ்ட் வேறு, இது வேறு. அது உயிருள்ளது. பொங்கும், புளிக்கும், சொன்ன பேச்சுக் கேட்காது. இதைச் சர்க்கரைப் பாகில் வளர்த்து, வளர்ந்ததும் கொன்று, உலர்த்திப் பொடியாக்குகிறோம். போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும். தானாக எதுவும் செய்யாது. நமது வாரியத்துக்கு மிகவும் ஏற்ற ஈஸ்ட் இதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, மனையியல் படித்துவிட்டு வாரியத்தில் சேர்ந்திருந்த அனந்தலக்ஷ்மி சமைத்துக் காட்டினாள். புட்டில் பொடி, மீன்கறியில் பொடி, பாயசத்தில் பொடி, சாயாவில் பொடி. வாயில் படுகிற எதுவும் விடுபடக் கூடாது என்பது வாரியத்தின் கொள்கை. கூட்டத்துக்குச் சாயா கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாக்கியலக்ஷ்மி ஒரு வாய் குடித்துவிட்டு, தென்னைமரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் மாயம்மாள் டின்னைத் திறந்து முகர்ந்தாள். "கள்ளுக்கடைப் பின்வாசல் மாதிரில்லா இருக்கு," என்று மூடிவிட்டாள். ஆனால் இலவசமாக வந்த பண்டத்தைத் தூரப் போட அவளுக்கு மனசு வரவில்லை. பயற்றங்கஞ்சியை இறக்கி வைத்த பிறகு மேலே ஒரு சிட்டிகை தூவி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வறுத்த பயறும் நெத்திலிக் கருவாடும் சேர்ந்தாற்போல ஒரு ருசி. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் தன் போக்கில் இறங்கினாள். பாயசத்துக்கும் சாயாவுக்கும் பொடி கிடையாது. நுரைகட்டி இறக்கிய ரசத்தில் ஒரு கரண்டி. கப்பைக் கிழங்கை மசிக்கும்போது தேங்காயோடு ஒரு கரண்டி. மத்திக் குழம்பு நீர்த்துப் போனால் அதற்கும் ஒரு கரண்டி. அழகம்மாள் முதலில் கஞ்சியில் மிதந்த மஞ்சள் துகளை விரலால் எடுத்துத் தின்றாள். அப்புறம் கஞ்சியைக் குடித்தாள். ஒரு நாள் வட்டிலை நீட்டி, "இன்னும்," என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மாயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊற்றினாள்.

பிள்ளை தேறியது. கன்னம் வந்தது. முற்றத்தில் மற்ற பிள்ளைகளோடு ஓடியது. சங்கிலிப்பாண்டி வேலை முடிந்து வந்தால் அவளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பான். "ஏட்டி, கனக்கியேட்டி," என்பான். அந்த அதிகாரிக்கு, அந்த வாரியத்துக்கு, அந்த ஜீப்புக்கு எல்லாவற்றுக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டான்.

இவ்வளவு நாளும் வாரியத்தின் எடைக்கருவி வந்திருக்கவில்லை. வாரியச் சின்னம் எழுதுவதற்காகக் களமசேரிக்குப் போயிருந்தது. சின்னத்தில் ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு கரண்டி. கரண்டி தாயைவிடப் பெரிதாகிவிட்டதால் அழித்து மறுபடி எழுதினார்கள். கடைசியில் மாலை போட்டு, ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்து அதைக் கொண்டுவந்தார்கள். அதிகாரி பின்னால் உட்கார்ந்து வந்தார்.

அழகம்மாள் சிரித்துக்கொண்டே ஏறி நின்றாள். முள் ஓடிய இடத்தைப் பார்த்து அதிகாரியின் முகம் சுருங்கியது.

"யாரு இது?"

"எம்மவ சார். அழகம்மா."

"அன்னிக்கு வாசல்ல உட்கார்ந்திருந்த குட்டி எங்கே?"

"இவதான் சார் அது."

அதிகாரி குனிந்து பார்த்தார். விலா எலும்பைத் தேடுகிறவர் போலப் பார்த்தார். "யாரைக் கேட்டுத் தேறினா இவ?"

சங்கிலிப்பாண்டிக்குக் கேள்வி விளங்கவில்லை. "நீங்க குடுத்த பொடிதான் சார். நல்லாச் சாப்புடுதா."

"பொடி குடுத்தோம், சரி. தொடக்க எடை எடுக்கறதுக்கு முன்னாடி சாப்பிடலாம்னு யார் பறஞ்சா? தொடக்கமே இல்லாத முன்னேற்றத்தை நான் எங்கே கொண்டுபோய்க் காட்டறது? ஒரு குழந்தை சும்மா ஆரோக்கியமா நின்னா அதுக்கு வாரியம் எப்படிக் காரணமாகும்? ஆரோக்கியமான குழந்தைகள் எல்லா இடத்துலயும்தான் இருக்கு. அதுக்கு வாரியம் எதுக்கு?"

அனந்தலக்ஷ்மி மெதுவாக, "வேற வீடு பார்க்கலாமே சார்," என்றாள்.

"வேற வீட்டு முன்னாடி ஜீப் திரும்புமா?"

அதிகாரி முற்றத்தில் இரண்டு சுற்று நடந்தார். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு வழியும் அந்த வழிக்கு ஒரு பெயரும் இருந்தன. மீள்தொடக்கம். பிள்ளை பழைய நிலைக்கு வர வேண்டும். வந்ததும் தொடக்க எடை எடுக்கப்படும். அதன் பிறகு பொடி கொடுத்து முறைப்படி தேற்றலாம். அதுவரை டின்னுக்கு அரக்கு முத்திரை.

மாயம்மாள் இஞ்சிச் சேறு படிந்த கையோடு வந்து நின்றிருந்தாள். "பழைய நெலைன்னா என்ன சாமி?"

"முன்னாடி எப்படிச் சாப்பிட்டாளோ, அப்படி."

"முன்னாடி அவ சாப்புடவே இல்லியே."

"அதைத்தான் நானும் பறையறேன்."

அதிகாரி சங்கிலிப்பாண்டியைத் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். சேர்மன் வருகிற விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார். தொடக்க எடை இல்லையென்றால் விழா இல்லை, விழா இல்லையென்றால் சேர்மன் இல்லை, சேர்மன் இல்லையென்றால் அந்த ஒரு வார்த்தையும் இல்லை. "நான் பட்டினி போடச் சொல்லலை, கேட்டியா? வாரியம் அப்படிச் சொல்லாது. ஊட்டறதைக் கொஞ்சம் ஒத்திவைன்னுதான் சொல்றேன்."

ஜீப் போன பிறகு மாயம்மாள் சொன்னாள். "உமக்கு நெரந்தரம் வேணும்னா நீரு பட்டினி கெடவும். எம்புள்ளயத் தொடப்பிடாது."

"கொஞ்ச நாள்தான்டி. பொறவு அவங்களே தேத்திவிடுவாங்க. அவளுக்காகத்தானே நெரந்தரமும்?"

அவன் அதை நம்பினான். அல்லது நம்புவதற்குப் பாடுபட்டான். மாயம்மாள் காலையில் பண்டகசாலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். இவன் விடியுமுன் தெருக்கூட்டப் போய் மதியத்துக்குள் வீடு வந்துவிடுவான். பகல் சோறு இவன் பொறுப்பு. கஞ்சியில் பருக்கையை வடித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் ஊற்றினான். தானும் அதையே குடித்தான். மாயம்மாள் வந்து உலை வைப்பதற்குள் பிள்ளை சுருண்டு தூங்கிவிடும். பிள்ளையோடு சேர்ந்து தானும் பட்டினி கிடந்தால் அது பாவத்தில் சேராது என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

முதலில் அழகம்மாள் அழுதாள். மஞ்சள் பொடி கேட்டாள். அவன் அதட்டினான். அதட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினான். "நீ நல்ல புள்ளைல்லா? சாப்புடாம இருந்தா சார் வந்து ஒனக்குக் கவுன் வாங்கித் தருவாரு."

அடுத்த நாள் அவள் அழவில்லை. அதற்கடுத்து ஒரு நாள், கஞ்சித் தண்ணீரையும் பாதியில் வைத்துவிட்டு, "அப்பா, நான் மெலிஞ்சிட்டேனா?" என்று கேட்டாள்.

"மெலிஞ்சிட்டே தாயி."

"நல்ல புள்ளையா?"

"நல்ல புள்ள," என்றான் சங்கிலிப்பாண்டி.

வாரியம் அக்கறையோடு கண்காணித்தது. முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க நாணு அடிக்கடி வந்தான். ஒரு தடவை சட்டைப் பையிலிருந்து ஒரு ஏத்தம்பழத்தை எடுத்து அழகம்மாள் கையில் வைத்தான். "தின்னோ மோளே. ஞான் யாரோடும் பறையில்லா." அவள் பழத்தைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து நின்றாள்.

"சங்கிலி, எனக்கும் ரெண்டு குட்டிகள் உண்டு, கேட்டோ," என்றான் நாணு. பிறகு ஜீப்புக்குப் போய் உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் அப்படியே இருந்தான்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம், மாயம்மாள் வேலைக் கூலியில் நெய்மத்தி வாங்கி வந்து குழம்பு வைத்தாள். பிள்ளையை மடியில் போட்டுச் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனாள். அழகம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பினாள்.

"தின்னு தாயி. அம்மா தாரேன்லா."

"வேண்டாம். நான் நல்ல புள்ள."

மாயம்மாள் பிசைந்த சோற்றை வட்டிலில் வைத்துவிட்டு, வட்டிலைப் புருஷன் முன்னால் நகர்த்தினாள். அவள் கத்தவில்லை. "நீரு படிச்சுக் குடுத்த பாடம். நீரே ஊட்டும்."

சங்கிலிப்பாண்டி ஊட்டினான். ஊட்டப் பார்த்தான். "அப்பாதான் சொல்லுதேன், தின்னு," என்றான். கெஞ்சினான். அழகம்மாள் வாயை மூடிக்கொண்டு கண்ணால் சிரித்தாள். அப்பா தன்னைச் சோதிக்கிறார், தான் அதில் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவள் எண்ணம். அவன் கையிலிருந்து குழம்பு முழங்கை வரைக்கும் வழிந்தது. பிள்ளை கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

வேண்டாம், போதும் என்று சொல்லிவிடும் முடிவோடுதான் அவன் மறுநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விழா மண்டபத்துக்குப் போனான். மாயம்மாள் வர மறுத்துவிட்டாள். ஆனால் அங்கே யாரிடம் சொல்வது? அதிகாரி மேடையில் இருந்தார். அனந்தலக்ஷ்மி சேர்மனுக்குக் கொடுக்க மாலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எடைக்கருவி மேடை நடுவில் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. இவன் படியேறுவதற்குள் அழகம்மாள் கையை உருவிக்கொண்டு ஓடிப்போய் அதன்மேல் ஏறி, கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். யாரும் சொல்லித் தரவில்லை.

முள் ஓடி நின்றது. அதிகாரியின் குரல் தழுதழுத்தது.

"மாண்புமிகு சேர்மன் அவர்களே! இந்த முள்ளைப் பாருங்கள். இவ்வளவு தாழ்வான ஒரு தொடக்க எடை தென்னிந்தியாவில் வேறெந்த நிறுவனத்திடமும் கிடையாது. இதை எட்டுவதற்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். பிற இடங்களில் எடுத்த எடுப்பிலேயே தேறிவிடுகிறார்கள். அதனால் புள்ளிவிவரம் பாழாகிறது. இங்கே நாங்கள் பொறுமையாகக் கீழேயிருந்து வந்திருக்கிறோம்."

மண்டபம் கைதட்டியது. அழகம்மாளைச் சேர்மன் அருகில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு குடும்பத் தலைவன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஒலிபெருக்கியைச் சங்கிலிப்பாண்டியின் முன்னால் இழுத்து வைத்தார்கள்.

"சார், எம்புள்ள சோறு திங்க மாட்டேங்கு. நான் சொன்னாலும் கேக்கல. அவ ஆத்தா சொன்னாலும் கேக்கல. எடைதான் எடுத்தாச்சே. இனி அந்தப் பொடியக் குடுங்க. நீங்க ஒரு தடவை அவகிட்ட சாப்புடுன்னு சொல்லுங்க சார். நீங்க சொன்னாக் கேப்பா."

அதிகாரி அதைச் சேர்மனுக்கு மலையாளத்தில் சுருக்கிச் சொன்னார். பொடிக்காக மக்கள் எவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று சொன்னார். சேர்மன் நெகிழ்ந்துபோய் எழுந்தார். தொடக்க எடை எடுத்ததோடு திட்டத்தின் முதல் கட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது என்று அறிவித்தார். பொடி வழங்குவது இரண்டாம் கட்டம். அது மேலிடத்தின் பரிசீலனையில் இருக்கிறது.

"அதுவரைக்கும் இவ என்ன சாப்புடணும் சார்?"

"இதுவரை என்ன சாப்பிட்டாளோ, அது," என்றார் சேர்மன் கருணையோடு.

கவுனை யாரும் வாங்கித் தரவில்லை. அழகம்மாளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைத் தோளில் தூக்கி வந்தான். கனமே இல்லை. வந்ததும் நேராக அடுக்களைக்குப் போய், அம்மிக்குழவியால் டின்னின் முத்திரையை உடைத்தான். மழைக்காலத்து ஈரம் உள்ளே இறங்கியிருந்தது. பொடி பாறையாக இறுகி, மேலே சாம்பல் பூத்துக் கிடந்தது. மாயம்மாள் எட்டிப் பார்த்தாள். டின்னை வாங்கிக் கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தாள்.

அன்றிலிருந்து அவள் பிள்ளையை இவனிடம் விட்டுவிட்டுப் போகவில்லை. பண்டகசாலைக்கே கூட்டிப் போனாள். இஞ்சிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, மற்றப் பெண்களோடு சேர்த்து, ஒரு வாய் இரண்டு வாய் என்று பழக்கினாள். வெகுநாள் பிடித்தது. இரண்டாம் கட்டம் வரவில்லை. வாரியம் சோயா மாவுக்கு மாறிவிட்டதாகவும், ஜீப்பை வைப்பீன் தீவுப் பக்கம் அனுப்பிவிட்டதாகவும் நாணு ஒரு நாள் படகுத்துறையில் பார்த்தபோது சொன்னான்.

ஆனால் சேர்மன் வாக்குத் தவறாத மனிதர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் இருந்தார். ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள், மேஸ்திரி சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டு வேலை நிரந்தரமாகிவிட்டதாகச் சொன்னார். கூட வேலை பார்க்கிறவர்கள் முதுகில் தட்டினார்கள். சாயா வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தான். காலமெல்லாம் எதிர்பார்த்த நாள். எப்படிச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் எறணாகுளத்துப் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டு படகேறி வந்தான்.

மாயம்மாள் சேதியைக் கேட்டாள். "சரி," என்றாள். பொட்டலத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

வாசலில் அழகம்மாள் பாக்கியலக்ஷ்மியின் கோழிக்குஞ்சுகளை விரட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு முன்போல இல்லாவிட்டாலும் கொஞ்சம் தேவலை. பாக்கியலக்ஷ்மி மீன் கழுவிய தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள், எல்லோரும் எல்லோரையும் கேட்பதுபோலக் கேட்டாள்.

"சாப்டியா மோளே?"

அழகம்மாள் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பி, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எதைச் சொன்னால் சரியாக இருக்கும் என்று தேடுகிற பார்வை.

சங்கிலிப்பாண்டி சிரிக்கப் பார்த்தான். முகத்தை எப்படி வைத்துக்கொண்டால் அவள் 'சாப்பிட்டேன்' என்று சொல்வாள் என்பது அவனுக்குத் தெரியவில்லை.